மூச்சு வாங்குகிறதா? வயசு என்று விட்டுவிடாதீர்கள்

என் அம்மா மொட்டைமாடி ஏறுவதை எப்போது விட்டார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. முதலில் வடகம் போடுவது நின்றது. அப்புறம் துணிகளைக் கீழே வராண்டாக் கொடியிலேயே காயப்போட ஆரம்பித்தார். காய் வாங்கப் போகிற வழியில் பூக்காரம்மாவிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவார். பேச்சுக்காகத்தான் உட்காருகிறார் என்று நினைத்தோம். "மூச்சு வாங்குதா?" என்று டாக்டர் கேட்டபோதுகூட "அதெல்லாம் இல்லீங்க" என்றுதான் சொன்னார். அது பொய் இல்லை. மூச்சு வாங்க வைக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டிருந்தார், அதனால் வாங்கவில்லை.

மூச்சுத்திணறல் விஷயத்தில் நாம் செய்கிற பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். "வயசாச்சு", "உடம்பு போட்டிருச்சு" என்று அதற்கு ஒரு பேர் வைத்துவிட்டு, வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்கிறோம். வயது ஏற ஏற வேகம் குறையும், சரி. ஆனால் அதே வயதுக்காரர் பேசிக்கொண்டே நடக்கும்போது ஒருவர் மட்டும் நின்று நின்று வந்தால், அதை வயது மேல் போட முடியாது. வீட்டுப் பெரியவர்களிடம் மூச்சு வாங்குகிறதா என்று கேட்பதைவிட, "போன தீபாவளிக்குச் செஞ்ச எந்த வேலையை இப்போ விட்டுட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

காரணம் நுரையீரலில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ரத்தசோகையில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைகிறது. இதயம் பலவீனமானால் நுரையீரலில் நீர் கோக்கிறது. "எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான். படுத்தால் திணறி, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்று இருந்தாலோ, சாயங்காலத்தில் கால் வீங்கினாலோ இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

அம்மாவுக்கு வந்தது சி.ஓ.பி.டி., சுவாசக்குழாய்கள் சுருங்கிப்போய் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாத நோய். பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தோம். முப்பது வருஷம் விறகடுப்பு ஊதினாலும் வரும். குழாயில் வேகமாக ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில்தான் அது தெரிந்தது. எக்ஸ்ரே மட்டும் எடுத்திருந்தால் தப்பிப்போயிருக்கலாம்.

இன்ஹேலர் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் பயம். "அது கடைசி மருந்து, ஒருதரம் எடுத்தா விடவே முடியாது" என்றார் சித்தி. இந்த ஒரு நம்பிக்கையால் எத்தனை பேர் திணறிக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. கணக்குப் பாருங்கள். சுவாசக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் என்ற மருந்தின் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்கு வரும். கை நடுக்கமும் படபடப்பும் அதில் அதிகம். இன்ஹேலர் நேரே போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. அது அடிமையாக்கும் மருந்தும் இல்லை. நோய் கூடவே இருப்பதால் மருந்தும் கூடவே இருக்கிறது, பி.பி. மாத்திரை மாதிரி.

முதல் மாதம் இன்ஹேலர் எடுத்தும் அம்மாவுக்குப் பலனில்லை. மறுபடி போனபோது நர்ஸ் எடுத்துக் காட்டச் சொன்னார். அம்மா அழுத்தினார், அதற்கப்புறம் மூச்சை இழுத்தார். உதட்டோரம் வெள்ளையாகப் புகை மாதிரி வெளியே வந்தது. "மருந்தெல்லாம் காத்துல போகுது பாருங்கம்மா" என்றார் நர்ஸ். நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயால் இறுகக் கவ்வி, இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். கையும் மூச்சும் ஒத்து வராதவர்களுக்கு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை இருக்கிறது. அம்மாவுக்கு அதுதான் கைகொடுத்தது. கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் வகையில் முறை வேறு, அதை வேகமாக இழுக்க வேண்டும். அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள், விழுங்கக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த மருந்து என்றால் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

ஆஸ்துமாக்காரர்கள் செய்யும் தவறு வேறு. பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் உடனடி நிவாரண இன்ஹேலரை மட்டும் வைத்துக்கொண்டு, தினசரி மருந்தை "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிடுவார்கள். நீல மருந்து குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம் என்று 2019 முதலே ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டியான ஜினா சொல்லிவருகிறது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் 98 காட்டினால் நிம்மதியாகிவிடுகிறோம். இருக்கிற ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றுதான் அது சொல்லும். ஹீமோகுளோபினே போதுமான அளவு இருக்கிறதா என்று சொல்லாது. கடுமையான ரத்தசோகையிலும் 98 வரலாம். ஆள் திணறுவது கண்ணுக்குத் தெரியும்போது மெஷினைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் சி.ஓ.பி.டி. நோயாளிக்கு, 100 வரட்டும் என்று நாமாகக் கூட்டுவதும் ஆபத்து. இவர்களில் பலருக்கு டாக்டர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92தான்.

திடீரென்று மூச்சு முட்டி வியர்த்தால், "கேஸ்" என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தை இழக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்கள் இவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் இப்படி வரலாம்.

திணறுகிறவரைப் படுக்கவைத்து, சுற்றி நின்று, தண்ணீர் புகட்டுவதுதான் நமக்குக் கைவந்த முதலுதவி. மூன்றுமே வேண்டாம். உட்காரவைத்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடச் சொல்லுங்கள். முகத்தில் படும்படி விசிறுங்கள். பதற்றம்தான் என்று நீங்களாக முடிவுசெய்து காகிதப் பைக்குள் மூச்சுவிட வைக்காதீர்கள். காரணம் இதயமோ நுரையீரலோ என்றால் உயிருக்கே ஆபத்து.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, பேச்சு குழறுகிறது, நெஞ்சு வலிக்கிறது, ஒரு கால் மட்டும் வீங்கித் திடீரென்று மூச்சும் திணறுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். இலங்கையில் 1990. டூவீலரில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோக வேண்டாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இன்ஹேலர், சாப்பிடுகிற மாத்திரைகள், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் ஒரு பையில் போட்டு வாசலில் வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பை கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்குகிறது.