மின்னிதழ்ச் சந்தா நின்ற பிறகு: நூலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அச்சிதழின் சந்தாவை நிறுத்தினாலும் அதுவரை வந்த இதழ்கள் அலமாரியில் இருக்கும். மின்னிதழில் கோப்புகள் பதிப்பாளரின் சர்வரில்; நூலகத்தின் கையில் இருப்பது ஓர் ஒப்பந்தம் மட்டுமே. பணம் கட்டிய ஆண்டுகள் கைவிட்டுப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கோப்பு அழிவது அல்ல. எந்த இதழுக்கு, எந்த ஆண்டுகளுக்குக் கட்டினோம் என்று காட்டச் சான்று இல்லாமல் போவதுதான்.

ஒப்பந்தத்தில் ஒரு சொல்லைக் கண்டு நிம்மதியடைவது

'நிரந்தர அணுகல்' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. சந்தா நின்ற பிறகு அந்த அணுகல் எந்த வழியாக வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பதிப்பாளரின் தளத்திலேயே தொடருமா? தொடர்ந்தால் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டா? வெளிக் காப்பகம் வழியாகவா? கோப்புகளையே அனுப்பிவிடுவார்களா? கடைசி வழி ஏமாற்றக்கூடியது. வன்தட்டு நிறையக் கோப்புகள் வந்து சேரும். அவற்றைத் தேடிப் படிக்க ஒரு தளத்தை நூலகமே அமைக்க வேண்டும். அந்த வசதி இல்லாத நூலகம் கையெழுத்திடும் முன்பே மறுத்துவிடுவது நல்லது. இதழ் வேறு பதிப்பாளருக்குக் கைமாறினாலும் உரிமை தொடரும் என்ற வரியையும் கேட்டு வாங்குங்கள்.

சந்தா ஆண்டுகளுக்கான உரிமையில் அதற்கு முந்தைய பழைய தொகுதிகள் பொதுவாக அடங்காது. 2010 முதல் சந்தா கட்டிவந்த இதழின் 1985ஆம் ஆண்டுத் தொகுதி இன்று திறக்கிறது என்றால், சந்தாவோடு சேர்த்து இரவலாகத் தந்திருக்கலாம்; சந்தா போனால் அதுவும் போகும்.

தொகுப்பில் உள்ளதெல்லாம் நம்முடையது என்று நினைப்பது

பெரிய தொகுப்புகளில் இரு வகை இதழ்கள் கலந்திருக்கும். நூலகம் சந்தா கட்டியவை ஒரு வகை. தொகுப்பு இருக்கும்வரை மட்டும் திறக்கும் மற்றவை இன்னொரு வகை. நிரந்தர உரிமை பல ஒப்பந்தங்களில் முதல் வகைக்கு மட்டுமே. பல பதிப்பாளர்களின் இதழ்களைத் திரட்டித் தரும் தரவுத்தளங்கள் முழுக்க வாடகைதான். பதிப்பாளர் விலகினால் இதழ் நடு ஆண்டிலேயே மறையும். அத்தகைய தரவுத்தளத்தில் கிடைக்கிறது என்பதற்காக நேரடிச் சந்தாவை நிறுத்துவது, பல ஆண்டுகள் கழித்துத் தெரியவரும் இழப்பு.

எந்த இதழின் எந்த ஆண்டுகள் கிடைக்கும் என்று பொது வடிவில் காட்டும் கேபார்ட் பட்டியல்களில் தடைக்காலக் குறியீட்டைப் படிக்காமல் விடக்கூடாது. 'பி1ஒய்' என்றால் அண்மைய ஓராண்டு கிடைக்காது. 'ஆர்10ஒய்' என்றால் அண்மைய பத்தாண்டு மட்டுமே கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் பழைய பக்கத்திலிருந்து ஓராண்டு கழன்று விழும்.

பதிப்பாளரின் பதிவேட்டை நம்பி இருப்பது

தளம் மாறும்போதும் நிறுவனங்கள் இணையும்போதும் பதிப்பாளரின் உரிமைப் பதிவுகள் சிதைகின்றன. அவர்களிடம் பதிவு இல்லையென்றால், காட்ட வேண்டிய பொறுப்பு நூலகத்தின் மேல் விழுகிறது. ஆகவே சந்தா புதுப்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அன்றைய தலைப்புப் பட்டியலைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். பழைய கோப்பின் மேல் எழுதாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் இதழின் பெயர், அச்சு ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்), மின் ஐஎஸ்எஸ்என், உரிமை தொடங்கும் ஆண்டும் தொகுதியும், முடியும் ஆண்டும் தொகுதியும், ஒப்பந்த எண், அணுகல் வழி ஆகியவை இருக்கட்டும். கையெழுத்தான ஒப்பந்தமும் திருத்தங்களும் பணம் கட்டிய ரசீதுகளும் அதே உறையில் சேர வேண்டும். பல நூலகங்கள் சேர்ந்து வாங்கும் கூட்டமைப்பு வழியாக வாங்கியிருந்தால் உரிமை யார் பெயரில் இருக்கிறது, விலகும் நூலகத்துக்கு அது ஒட்டுமா என்பதையும் எழுதி வாங்குங்கள். ஓர் அலுவலரின் மின்னஞ்சல் பெட்டியில் மட்டும் இருக்கும் சான்று, அவர் பணி மாறியதும் இல்லாததற்குச் சமம்.

இதழ் பெயர் கணிசமாக மாறினால் புதிய ஐஎஸ்எஸ்என் வரும். பழைய பெயரின் ஆண்டுகள் புதிய பெயருக்குக் கீழே சுருட்டப்பட்டு, உரிமைக் கணக்கில் விட்டுப்போவது வழக்கமான கோளாறு. கைமாறும் இதழ்களுக்கு டிரான்ஸ்ஃபர் என்ற நடத்தைக் கோவை உண்டு. ஏற்பது பதிப்பாளரின் விருப்பம். அதன் அறிவிப்புகளைக் கவனித்து, கைமாறியதும் புதிய தளத்தில் பழைய ஆண்டுகளைத் திறந்து பாருங்கள்.

காப்பகத்தில் இருந்தால் கிடைத்துவிடும் என்று எண்ணுவது

இந்தக் குழப்பம் மிகப் பரவலானது. க்ளாக்ஸ் உலகெங்கும் 12 இடங்களில் பிரதி வைத்திருக்கும் இருண்ட காப்பகம்: இதழ் எங்குமே கிடைக்காமல் போனால்தான் திறக்கும், அப்போது எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கும். 2008இல் கிராஃப்ட் என்ற மருத்துவ இதழ் அப்படித் திறந்தது. நீங்கள் சந்தாவை நிறுத்தியதற்காக அது திறக்காது. போர்ட்டிகோ என்ற காப்பகத்தில் சந்தாவை நிறுத்திய பிறகும் படிக்கும் வசதி உண்டு. ஆனால் பதிப்பாளர் அதற்கு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், நூலகமும் உறுப்பினராக இருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய லாக்ஸ் முறையில் நூலகங்களே பிரதிகளை வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சிதைந்ததைச் சீர்செய்கின்றன.

எந்தக் காப்பகத்திலும் இல்லாத இதழ்களும் ஏராளம். 2024இல் வெளியான ஓர் ஆய்வு 74 லட்சம் டிஓஐக்களை (கட்டுரைகள் போன்றவற்றின் நிலையான இணைய அடையாள எண்களை) சோதித்தபோது, ஏறத்தாழ 28 சதவீதம் காப்பகங்களில் காணப்படவில்லை. உங்கள் இதழ்களை, எந்த இதழ் எந்தக் காப்பகத்தில் உள்ளது என்று காட்டும் கீப்பர்ஸ் ரெஜிஸ்ட்ரியில் ஐஎஸ்எஸ்என் கொடுத்துத் தேடுங்கள். பெயர் வந்தவுடன் நின்றுவிடாமல் எந்தத் தொகுதிகள் சேர்ந்துள்ளன, நடுவில் எவை விட்டுப்போயின என்று பாருங்கள்.

சோதிக்காமல் விடுவது, தவறாகச் சோதிப்பது

சந்தா முடிந்ததும் சில வாரங்கள் சலுகையாகத் தளம் திறந்தே இருக்கும். அந்த நாட்களில் சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரியும். சலுகைக் காலம் கழிந்த பிறகு, ஒவ்வொரு பதிப்பாளரிலும் ஐந்து இதழ்களை எடுத்து, உரிமையின் முதல் ஆண்டு, நடு ஆண்டு, கடைசி ஆண்டு ஆகியவற்றில் ஆண்டுக்கு ஒரு கட்டுரையின் பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள். எல்லோருக்கும் இலவசமான திறந்த அணுகல் கட்டுரையையோ இலவச மாதிரி இதழையோ எடுத்தால் சோதனை பொய்யாகும். வளாகத்துக்குள்ளிருந்து ஒரு முறை, வெளியிலிருந்து பிராக்ஸி (வெளியே இருப்பவரை நூலகத்தின் வழியாக இணைக்கும் சர்வர்) வழியாக ஒரு முறை சோதியுங்கள். பதிப்பாளரின் தளம் நம்மை அடையாளம் காண உதவும் வளாகத்தின் ஐபி முகவரி மாறியிருந்தால் உயிருள்ள சந்தாக்களுக்குத் தெரிவிப்போம். நிறுத்திய பதிப்பாளர்களை மறந்துவிடுவோம். அணுகல் அங்கேதான் அறுகிறது.

மின்னிதழ்ப் பயன்பாட்டை எண்ணிக் காட்டும் கவுண்டர் அறிக்கைகளில் டிஆர்_ஜே2 என்பது, உரிமம் இல்லையென்று வாசகர் திருப்பி அனுப்பப்பட்ட எண்ணிக்கையைக் காட்டும். அதில் உங்களுக்கு உரிமையுள்ள இதழ் தென்பட்டால், எந்த ஆண்டுக் கட்டுரை மறுக்கப்பட்டது என்று தேடிப் பார்த்து, அந்த ஆண்டின் பட்டியலையும் ரசீதையும் இணைத்துப் பதிப்பாளருக்கு எழுதுங்கள்.