ஊருக்கு ஒரு ரோலர் ஸ்கேட்டிங் கூடம் தொடங்கும் முன்

முதலில் தரையைப் பார்க்காதீர்கள், குத்தகைப் பத்திரத்தைப் பாருங்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் 1941-இல் திறந்த எம்பயர் ரோலர்டிரோம் என்ற ஸ்கேட்டிங் கூடம் அறுபது வருடத்துக்கு மேல் ஓடியது, ரோலர் டிஸ்கோ (டிஸ்கோ பாட்டுக்கு ஸ்கேட் மாட்டி ஆடுவது) வளர்ந்ததே அங்கேதான் என்பார்கள், மேப்பிள் மரத் தரைக்குப் பெரிய பேர், இருந்தும் 2007-இல் மூடிவிட்டார்கள். நகரத்தில் மனை விலை ஏறினால், டிக்கெட் காசில் ஓடும் இவ்வளவு பெரிய கூடம் தாக்குப்பிடிப்பது கஷ்டம். அதனால் முடிந்தவரை நீண்ட குத்தகை எழுதுங்கள், இடம் விற்பனைக்கு வந்தால் முதலில் உங்களிடம்தான் கேட்க வேண்டும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

சரி, தரை. மேப்பிள் அருமைதான், ஆனால் விலை அதிகம், கூரை ஒழுகினால் பலகை உப்பிவிடும் (கூரையை மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள், வெயிலில் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான்). வழவழப்பான கான்கிரீட்டில் பாலியூரித்தேன் பூசினாலே போதும். வாடகை ஸ்கேட்டுக்கு 95ஏ அல்லது அதற்கு மேல் கடினமான சக்கரம் வாங்குங்கள் (இது சக்கரத்தின் கடினத்தைக் காட்டும் எண், எண் கூடினால் கடினமும் கூடும்), தெருவில் ஓட்டும் 78ஏ மெதுசக்கரம் உள்ளே இழுவையாக இருக்கும்.

ரோலர் டெர்பி (ஸ்கேட் மாட்டி இரண்டு அணிகள் வட்டத் தடத்தில் முட்டி மோதி ஆடும் ஆட்டம்) அணிக்கும் நேரம் ஒதுக்குங்கள். தட்டைத் தரையில் கயிறு வைத்து மேலே டேப் ஒட்டினால் தடம் தயார், ஆட்டம் முடிந்ததும் உரித்துவிடலாம்.

அப்புறம், மூட வேண்டி வந்தால் மரத்தரையை உடைக்காமல் பெயர்த்தெடுங்கள், வாங்க ஆள் கிடைக்கும்.