ஹார்மோன் சிகிச்சை: புதிதாகத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களின் சீட்டுகளைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் விழுவது தெரிகிறது. மாத்திரையை மறப்பது, அளவு மாறிப்போவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை சீக்கிரமே வெளியே தெரிந்துவிடும்.

பிள்ளை வேண்டுமா என்று கேட்காமல் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் போடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. முப்பத்தெட்டு வயதுக்காரர், தாமதமாகக் கல்யாணம் ஆனவர். அசதி, ஆசைக் குறைவு என்று ஓரிடத்தில் காட்டியிருக்கிறார். சாயங்காலம், சாப்பிட்ட பிறகு, ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. அளவு கொஞ்சம் குறைவு. உடனே ஊசியைத் தொடங்கிவிட்டார்கள். அசதி போனது, தோள் திரண்டது, அவருக்கும் சந்தோஷம்தான். குழந்தை மட்டும் உண்டாகவில்லை. மனைவிக்கு ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே என்று வரிசையாக எடுத்தார்கள்; எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில்தான் கணவரின் விந்துப் பரிசோதனை. அதில் ஒரு விந்தணுகூட இல்லை. அதற்குள் அந்தப் பெண் சொந்தக்காரர்களிடம் வாங்கிய பேச்சை யார் திருப்பி எடுப்பது?

விரைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். விந்தணு உருவாக அந்த உள்ளளவு தேவை. வெளியிலிருந்து ஊசி ஏறியதும் மூளை 'இது போதும்' என்று எடுத்துக்கொள்கிறது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வந்து விரையைத் தூண்டும் எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களும் அடங்கிவிடுகின்றன. விரை வேலையை நிறுத்திச் சுருங்கத் தொடங்கும். ரத்த ரிப்போர்ட்டில் எண் நன்றாக இருக்கும், விந்தணு இருக்காது. உலக சுகாதார நிறுவனம் இதே ஹார்மோனை, வாரம் 200 மி.கி. ஊசியாக, ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தது. 1990-இல் வந்த முடிவின்படி, ஊசி போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போனது. கருத்தடையாகச் சோதிக்கப்பட்ட மருந்தைக் குழந்தைக்கு ஏங்குபவருக்கு எப்படி எழுத மனம் வருகிறது?

நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். ஆனால் ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம்; சிலருக்குப் பழைய அளவு வருவதே இல்லை. அந்த இரண்டு வருடத்தில் மனைவிக்கு வயது ஏறுகிறது, சினைமுட்டை குறைகிறது.

ஆகவே முதல் கேள்வி பிள்ளையைப் பற்றியதாக இருக்கட்டும். ரத்தத்தைக் காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுங்கள். எல்எச், எஃப்எஸ்எச், இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டின் ஆகியவற்றின் பரிசோதனையும் கூடவே போகட்டும். தொந்தி, சர்க்கரை, மூச்சடைக்கும் குறட்டை இருந்தால் அவையே அளவை இறக்கியிருக்கும். முதலில் அவற்றைக் கவனியுங்கள். குழந்தை வேண்டுபவருக்குச் சொந்த உற்பத்தியைத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை, எச்சிஜி ஊசி போன்ற வழிகள் உண்டு. ஜிம்மில் நண்பன் கொடுத்த ஊசியும் இதே வேலையைத்தான் செய்யும். அதையும் வாய்விட்டுக் கேளுங்கள்.

2002-ஐச் சொல்லி எல்லாப் பெண்களையும் திருப்பி அனுப்புவது

அந்த ஆண்டு, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த அமெரிக்காவின் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வில், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் (செயற்கைப் புரோஜெஸ்டிரோன்) இரண்டும் சேர்ந்த பிரிவு பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் கூடியது உண்மை: ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் கூடுதலாக எட்டுப் பேர். ஆனால் அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. நம் ஊரில் பல பெண்களுக்கு 46, 47-லேயே மாதவிலக்கு நின்றுவிடுகிறது. இரவெல்லாம் வேர்த்து, உடம்பு எரிந்து, தூக்கமில்லாமல் வரும் 48 வயதுக்காரியிடம் "வயசானா அப்படித்தாம்மா" என்று சொல்வது மருத்துவம் ஆகாது. அறுபதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, ரத்தக்கட்டு வந்தவர்களுக்குப் பொதுவாக வேண்டாம். ரத்தக்கட்டுப் பயம் இருந்தால் மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல் நல்லது.

கர்ப்பப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எழுதுவது

கூடாது. உட்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகலாம்; புரோஜெஸ்டிரோன் சேர்த்தே ஆக வேண்டும். பிறப்புறுப்பு வறட்சிக்கு உள்ளே தடவும் குறைந்த அளவு கிரீம் மட்டும் இதற்கு விலக்கு.

நாற்பதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றுவிட்டால் "தொல்லை விட்டது" என்று விடுவது

இவர்களுக்கு எலும்பும் இதயமும் சீக்கிரம் கெடும். தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயது வரையாவது, அதாவது ஐம்பது வரை, ஹார்மோன் கொடுங்கள்.

மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு

ஹார்மோனால்தான் என்று விடாதீர்கள். ஸ்கேன்.

இளமைக்காக வளர்ச்சி ஹார்மோன்

வேண்டாம்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தொடங்கிவிட்டுப் பின்தொடராமல் விடுவது

2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், இதயநோய் இருந்த அல்லது அதற்கு வாய்ப்பு அதிகமிருந்த சுமார் 5,200 ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ கூட்டவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும், நுரையீரல் ரத்தக்கட்டும் சற்று அதிகம் தெரிந்தன. ஆகவே ஊசி தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் ஹீமடோகிரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதை, பாருங்கள்; அது கூடினால் ரத்தம் கெட்டியாகும். புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையையும் வயதுக்கேற்பப் பாருங்கள். ஹீமடோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்துங்கள். ரத்ததானம் கொடுக்கச் சொல்லி எண்ணை இறக்கிவிட்டு, பழைய அளவையே மறுபடி போடாதீர்கள்.