கண் திறந்தும் நினைவு திரும்பாத பிள்ளைக்கு வீட்டில் செய்யும் பராமரிப்பு

தலைக்காயத்துக்குப் பின் கண் திறந்தாலும் முழு நினைவு திரும்பாத பிள்ளையைக் காரைக்குடிப் பக்கத்து வீடொன்றுக்கு அழைத்து வரும்போது, கட்டிலை எங்கே போடுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்ள வசதி என்று வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், போடத் தோன்றும். அங்கே பேச்சொலியும் பாத்திர ஓசையும் எதிரொலித்துக் கலப்பதால், காயப்பட்ட மூளைக்கு எதையும் பிரித்தறிவது கடினம். காற்றோட்டமுள்ள தனி அறையே ஏற்றது.

இரவு உட்பட இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பையும் குதிகாலையும் பார்ப்பவர்கள் பின்மண்டையை மறந்துவிடுகிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு அங்கே படுக்கைப் புண் எளிதில் வரும். பாதம் கீழ்நோக்கி இறுகிவிடாமலிருக்க, இயன்முறை மருத்துவர் காட்டித்தந்தபடி மூட்டுகளை நாள்தோறும் மெல்ல அசைக்க வேண்டும். மூக்குக் குழாய் வழியே உணவு தருமுன் குழாயின் அடையாளக் கோடு நகரவில்லை என்று உறுதிசெய்து, தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி, உணவு முடிந்து அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். அப்பத்தா ஆசையாக ஊட்டும் ஒரு கரண்டிக் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதால், விழுங்கும் திறனைப் பரிசோதித்து மருத்துவர் அனுமதி தரும்வரை வாய்வழியாக எதுவும் கூடாது.

புலன்களைத் தூண்டும் பயிற்சியில்தான் அன்பு அவசரப்படுகிறது. வந்தவர் எல்லாம் பெயர் சொல்லி அழைத்து, தோளைத் தட்டி, உடனே பதில் எதிர்பார்க்கிறார்கள். பிள்ளை நன்கு ஓய்வெடுத்து விழித்திருக்கும் வேளையில், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஒருவர் மட்டும் அருகில் அமர்ந்து, "கண்ணை மூடு" என்பது போல் ஒன்றையே சொல்லி, பத்து விநாடியாவது பேசாமல் காத்திருக்க வேண்டும். நான்கு முறை சொன்னதில் எத்தனை முறை செய்தது என்று நோட்டில் நேரத்தோடு எழுதினால், தற்செயல் அசைவு எது, பதில் எது என்பது சில நாட்களில் பிடிபடும். முகத்துக்கு முன் 10 முதல் 15 சென்டிமீட்டர் தொலைவில் கண்ணாடியைப் பிடித்து மெல்ல இடவலமாக நகர்த்துங்கள். தன் முகத்தைக் கண்ணால் தொடர்வது மீட்சியின் தொடக்க அறிகுறிகளில் ஒன்று. வெள்ளைப் பணியாரம் பிடித்த பிள்ளையென்றால், அதன் வாசனையை மட்டும் காட்டலாம். ஒரு தடவைப் பயிற்சிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

வியர்த்து, உடல் விறைத்து, மூச்சு வேகமெடுத்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் சாவி கொடுப்பதால் பயனில்லை, வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, வாந்தி வந்து, முன்பிருந்த விழிப்பும் குறைந்தாலோ 108-ஐ அழையுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.