மதுரை இரவு நடை: வழிகாட்டியோடு போகும்போது

ஏழு மணிக்கு விளக்குத்தூணில் கூடுங்கள். ஆங்கிலேயர் காலத்துக் கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்ட கம்பம் அது. கோட்டையை இடித்து வெளி வீதிகளுக்கு வழிவிட்டவர் அவர். பக்கத்திலேயே ஜிகர்தண்டா கிடைக்கும். சின்ன டம்ளர் போதும், பெரியது குடித்தால் கறி தோசைக்கு வயிற்றில் இடமிருக்காது.

எட்டரைக்குள் மீனாட்சியம்மன் கோயில் வாசலில் இருங்கள். செல்போன், செருப்பை ஒப்படைத்து டோக்கன் வாங்குங்கள். அரைக்கால் டவுசருக்கு அனுமதியில்லை. இரவின் கடைசிப் பூஜையான பள்ளியறை பூஜைக்குச் சொக்கநாதரின் (சிவனின்) பாதம் பல்லக்கில் மீனாட்சி சன்னதிக்கு வரும். நேரத்தை வழிகாட்டியிடம் அன்றே கேளுங்கள். திரும்பும்போது நுழைந்த கோபுரம் வழியாகவே வெளியேறுங்கள். வாசல் மாறினால் வெறுங்காலோடு சித்திரை வீதியைச் சுற்ற வேண்டியதுதான்.

பிறகு கறி தோசை: மொத்தமான மாவின்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி. ஒன்றை இருவர் பங்கிடலாம்.