மண்ணில் கிடைத்த நாணயங்களைத் துலக்கக் கட்டுப்படியாகும் விலையில் ஓர் உருட்டுப்பொறியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மெட்டல் டிடெக்டருடன் திடல்களிலும் கடற்கரைகளிலும் நடப்பவர்களின் பையில் நாளடைவில் சேர்வதில் பெரும்பகுதி, இன்றும் புழக்கத்தில் உள்ள சாதாரணச் சில்லறைதான். மண் அப்பி, கறுத்து, களிம்பேறிப்போன அந்தச் சில்லறையை நாணயம் எண்ணும் இயந்திரங்கள் துப்பிவிடும். கையில் வாங்குபவர்களும் தயங்குவார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷால் தேய்த்து மாளாது என்பதால், கற்களை மெருகேற்றுவோர் பயன்படுத்தும் சிறிய சுழல் டிரம் இயந்திரத்தைப் பலரும் நாடுகிறார்கள். இது ‘ராக் டம்ளர்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது; தண்ணீர் குடிக்கும் டம்ளரோடு பெயர் குழம்பாதிருக்க, இங்கே இதை உருட்டுப்பொறி என்றே குறிப்பிடுகிறேன்.

வாங்குவதற்கு முன் ஒன்றை உறுதியாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முகமதிப்புக்கு மேல் எந்த மதிப்பும் இல்லாத நாணயங்களுக்கு மட்டுமே இந்தப் பொறி ஏற்றது. பழைய நாணயம், வெள்ளி நாணயம், எந்தக் காலத்தது என்று அடையாளம் தெரியாத நாணயம் ஆகிய எதையும் இதற்குள் போடவே கூடாது. நூறாண்டுகளாக மேற்பரப்பில் படிந்து உறைந்த நிறத்தையும், எழுத்துகளின் கூர்மையையும் இது சில மணி நேரத்தில் அரைத்துத் தள்ளிவிடும். போன மதிப்பு திரும்பாது. பல நாடுகளில் பழம்பொருள் கிடைத்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டமும் இருப்பதால், ஐயத்துக்குரிய நாணயத்தைக் கழுவாமல் தனியே எடுத்து வைப்பதே முறை. மாதத்துக்கு இருபது முப்பது காசுகள்தான் கிடைக்கின்றன என்றால் பொறியே தேவையில்லை. அகன்ற வாய் கொண்ட பிளாஸ்டிக் ஜாடியில் கொஞ்சம் கூழாங்கல்லும் சோப்புத் தண்ணீரும் விட்டுக் கையால் குலுக்கினாலே போதும்.

உருட்டுப்பொறிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், படுக்கவைத்த டிரம் இரண்டு உருளைத் தண்டுகளின் மேல் மெதுவாகச் சுழலும். மற்றொன்றில், நிமிர்ந்த கிண்ணம் அதிரும். அதிரும் வகை பெரும்பாலும் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை உலர்ந்த தூளால் மெருகேற்றப் பயன்படுகிறது. மண் கெட்டியாக ஒட்டிய நாணயத்தை உலர்ந்த தூள் அசைக்காது. விலை குறைந்த பொறிகளில் கிண்ணத்துக்கு நேர் கீழே மோட்டார் இருப்பதால், ஈரவேலைக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லாத பொறியில் தண்ணீர் ஊற்றுவது ஆபத்தும்கூட. ஆகவே நாணயத்துக்குச் சுழலும் டிரம்தான் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

அடுத்து கொள்ளளவு. விற்பனைக் குறிப்பில் ‘3 பவுண்டு’ என்று போட்டிருந்தால், அது ஏறத்தாழ 1.36 கிலோ. பலர் இதை நாணயங்களின் எடை என்று எண்ணிவிடுகிறார்கள்; உண்மையில் நாணயம், கூழாங்கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்த எடை அது. ஒரு யூரோ நாணயம் 7.5 கிராம் என்பதால், அதில் நூறு போட்டாலே 750 கிராம் ஆகிவிடும். மீதியில்தான் கல்லும் தண்ணீரும் அடங்க வேண்டும். எனவே 3 பவுண்டு டிரம்மில் ஒரு முறைக்கு எண்பதிலிருந்து நூறு நாணயம் வரை என்று கணக்கிட்டுக்கொள்வது நல்லது. அளவுக்கு மீறித் திணித்தால் மோட்டார் சூடேறும், நாணயங்களும் உருள இடமின்றி ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு கிடக்கும். 1 பவுண்டு டிரம்முடன் வரும் சிறுவர்களுக்கான பொறிகள் மலிவாக இருந்தாலும், ஒரு முறைக்குப் பிடிப்பது ஒரு கைப்பிடிதான்; நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

என் கருத்தில், ஒரே பெரிய டிரம்மைவிட இரண்டு சிறிய டிரம் கொண்ட பொறி மிக மேலானது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். செம்பு நாணயங்களையும் வெள்ளை நிற நாணயங்களையும் சேர்த்து உருட்டினால், செம்பிலிருந்து கழன்று தண்ணீரில் கலப்பது மற்றவற்றின் மேல் மெல்லிய படலமாகப் படியும். வினிகர் சேர்த்திருந்தால் இன்னும் விரைவாகப் படியும். முதல் முறை நான் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடி, மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தபோது, வெள்ளையாக இருக்க வேண்டிய நாணயங்கள் அத்தனையும் இளஞ்சிவப்பாக மாறியிருந்தன. மறுபடி எத்தனை முறை உருட்டியும் அந்த நிறம் முழுதாகப் போகவில்லை. தனித்தனி டிரம் இருந்தால் இந்தத் தொல்லையே எழாது. ஒரே டிரம்தான் கையில் இருக்கிறதென்றால், வெள்ளை நாணயங்களை முதலில் உருட்டிவிட்டுச் செம்பைக் கடைசியில் போட வேண்டும். இரண்டுக்கும் கூழாங்கல்லையும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். செம்பு போலத் தெரிவதெல்லாம் செம்பு அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். யூரோவின் 1, 2, 5 சென்ட் நாணயங்கள் செம்பு போர்த்திய எஃகு, காந்தத்தில் ஒட்டும். அமெரிக்காவின் ஒரு சென்ட் 1982-இல் செம்புப் பூச்சிட்ட துத்தநாகமாக மாறியது. அந்தப் பூச்சு ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தால் மண்ணே உள்ளிருக்கும் துத்தநாகத்தை அரித்திருக்கும்; உருட்டினால் அந்தக் குழி பெரிதாகுமே தவிரச் சீராகாது.

டிரம் எதனால் ஆனது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கெட்டியான ரப்பர் டிரம் சத்தத்தை உள்வாங்கும், பல ஆண்டுகள் தேயாமல் உழைக்கும். மெல்லிய பிளாஸ்டிக் டிரம்மோ, பக்கத்து அறையில் இருப்பவரும் பொறுக்க முடியாதபடி கடகடக்கும். உட்சுவர் வழுவழுப்பான வட்டமாக இருந்தால் நாணயங்கள் ஒரே திரளாகச் சறுக்கிக்கொண்டே இருக்கும். பட்டைகளோ மூலைகளோ இருந்தால்தான் அவை மேலே ஏறிச் சரிந்து விழும். வேகமும் அதிகம் கூடாது. 10 செ.மீ. உள்விட்டம் உள்ள டிரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 134 சுற்றை எட்டினால், உள்ளே இருப்பவை சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றுமே ஒழிய உருளாது; அதில் பாதிக்கும் குறைவான வேகமே போதும். ஆகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதிக்குத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. நாள் கணக்கில் ஓடும் டைமரும் அப்படித்தான்: கல்லை மெருகேற்ற வாரக்கணக்கில் ஆகும், நாணயத்துக்குச் சில மணி நேரம் போதும். பெட்டியில் கூடவே வரும் கற்களும் அரைதூள் பொட்டலங்களும் நாணயத்துக்கு எவ்விதத்திலும் உதவாது. அந்தத் தூள் நாணயத்தின் முகத்தையே தேய்த்துவிடும்.

மிச்சமாகும் பணத்தை மூடி, பெல்ட், மோட்டார் ஆகியவை நன்றாக உள்ள பொறிக்குச் செலவிடுங்கள். பெல்ட் எப்படியும் ஒரு நாள் அறுந்துவிடும். மாற்றுப் பெல்ட் தனியாகக் கிடைக்காத பொறி அன்றோடு முடிந்தது என்பதால், வாங்கும்போதே ஓர் உபரி பெல்ட்டையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும். பழைய பொறி கிடைத்தால் தயங்காமல் பார்க்கலாம்: டிரம் இல்லாமல் தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள், தடையின்றி ஓடினால் பேரிங் நன்றாக உள்ளது, பிறகு அரை மணி நேரம் ஓடவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத அளவு சுட்டால் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரை மட்டும் பாதி ஊற்றி, அடியில் செய்தித்தாளை விரித்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். தாள் நனைந்தால் மூடியின் விளிம்பில் துகள் ஏதேனும் சிக்கியிருக்கிறதா என்று துடைத்துப் பார்த்து மீண்டும் மூட வேண்டும். பிறகு நாணயத்தைப் போல இரண்டு மடங்கு அளவுக்கு மீன் தொட்டிக் கூழாங்கல்லைப் போட்டு, டிரம் பாதிக்குச் சற்று மேல் நிரம்பியதும் அவை மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும் சில துளி பாத்திரம் துலக்கும் திரவமும் விடுங்கள். கல் குறைந்தால் ஈர நாணயங்கள் இரண்டு இரண்டாக முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளும். பிரித்துப் பார்த்தால் விளிம்பில் பிறை போல ஒரு பகுதி மட்டும் மின்னி, மீதி அழுக்காகவே இருக்கும். வினிகர் சேர்ப்பதானால் ஒரு கரண்டி போதும்; துத்தநாக நாணயங்களோடு அதைச் சேர்க்கவே வேண்டாம், வாயு உண்டாகும். வினிகரையும் சமையல் சோடாவையும் ஒருபோதும் ஒன்றாக மூடிவிடக் கூடாது. அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும். அரை மணிக்கு ஒரு முறை நிறுத்தித் திறந்து பார்த்து, கறுத்த தண்ணீரை மாற்றிக்கொண்டே வந்தால், இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் பெரும்பாலானவை புழங்கும் அளவுக்குத் தெளிந்துவிடும்.

கழிவை வடிகுழாயில் ஊற்றாதீர்கள். கல்துகளும் மண்ணும் வளைவுகளில் படிந்து சிமெண்ட் போல இறுகிவிடும். ஒரு வாளியில் தெளியவைத்து, அடியில் தங்கிய சேற்றைக் கையுறையோடு அள்ளிக் குப்பையில் சேர்க்க வேண்டும். நாணயங்களை நல்ல தண்ணீரில் இருமுறை அலசி, உடனே துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஈரத்தோடு குவித்து வைத்தால் செம்பு மறுநாளே மங்கத் தொடங்கும்.