மலைநாட்டில் இராணுவ உணவுப் பொதியைச் சுவைத்துப் புள்ளியிடும் முறை

படைவீரர்கள் களத்தில் உண்ணும் பொதி உணவுக்குப் புள்ளியிட உட்காருகிறவர் முதலில் பிரித்தறிய வேண்டியது, எந்தக் குறை பொதியுடையது, எந்தக் குறை மலையுடையது என்பதை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பின் வளிமண்டல அமுக்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் அங்கே. தண்ணீர் 94 பாகை செல்சியஸை அண்மித்ததுமே கொதித்துவிடும். இதைக் கணக்கில் எடுக்காமல் போட்ட புள்ளியை வைத்துப் படிக்கிறவர் எதையும் முடிவுசெய்ய முடியாது.

இங்கே சொல்வது பெரும்பாலும் எம்.ஆர்.ஈ. எனப்படும், சமைக்காமலே உண்ணத்தக்க அமெரிக்க இராணுவப் பொதியைப் பற்றியது. அதன் உள்ளே இருப்பது ஏறக்குறைய 1250 கிலோகலோரி: ஒரு பிரதான உணவு, பிஸ்கட் அல்லது ரொட்டி, அதில் பூசிக்கொள்ள ஏதாவது, ஓர் இனிப்பு, பானத் தூள், தீயில்லாச் சூடாக்கி. அழுத்தக் கலனில் 121 பாகை அளவில் கிருமி நீக்கிய புலாவ், உப்புமா போன்ற இந்தியப் பைகளுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். ‘அமெரிக்க அரச சொத்து, வணிக மீள்விற்பனை சட்டவிரோதம்’ என்று அச்சிட்ட பொதியை வாங்காதீர்கள். பொதுமக்களுக்கென்றே தயாரித்து விற்கப்படுவதை எடுங்கள்.

திறக்கும் முன் பொதியிட்ட திகதியைப் பாருங்கள். நான்கு இலக்கக் குறியில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண். அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 3068 என்றால் 2023 மார்ச் 9. ஆனால் 2013 ஆகவும் இருக்கலாம் என்பதால் விற்பவரிடம் ஆண்டைக் கேட்டே ஆக வேண்டும். இந்த உணவுகள் 27 பாகையில் மூன்று வருடமும் 38 பாகையில் ஆறு மாதமும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஆகவே நுவரெலியாவின் குளிர் பொதிக்கு நல்லது. ஆனால் துறைமுகக் களஞ்சியத்தில் வெயிலில் கிடந்துவிட்டு மலையேறி வந்த பொதியைக் குளிர் திருத்திவிடாது. சீஸ் பூச்சு பழுப்பேறியிருந்தாலும் பழத்துண்டுகள் கறுத்திருந்தாலும் வெப்பத்தில் கிடந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். சொக்லேட்டின் மேல் படரும் வெண்மை பெரும்பாலும் பூஞ்சணமல்ல. கொழுப்பு மேலே வந்ததால் ஏற்படும் நிறம் அது, அதற்கு வேறாகக் குறிப்பு எழுதினால் போதும்.

மலையில் அதிகம் தடுமாற வைப்பது உப்பிய பக்கெட். கடைகளில் தொங்கும் மிக்சர் பக்கெட் மேலே வர வர உப்புவது எல்லோருக்கும் தெரிந்தது. காற்றோ வாயுவோ அடைத்த பிஸ்கட், ரொட்டி உறைகளும் அப்படியே உப்பும், அது கெட்டதன் அடையாளமல்ல. ஆனால் குழம்போ இறைச்சியோ உள்ள ஈரமான பையில் காற்று மிகக் குறைவு, அது உணவோடு ஒட்டித் தட்டையாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பை விறைத்து உப்பியிருந்தால் மலையின் மேல் பழி போடாதீர்கள், தூக்கி எறியுங்கள். கெட்ட உணவில் கிருமி உண்டாக்கும் உயிராபத்தான பொட்டுலின நச்சை மணத்தாலோ நிறத்தாலோ கண்டுபிடிக்க முடியாது. கொதிக்கவைத்தால் சரியாகும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். உப்பாத பையையும் கழுவித் துடைத்து, கடதாசியின் மேல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். எலி கடித்த நுண்துளை இருந்தால் எண்ணெய்க் கறை காட்டிக்கொடுக்கும்.

சூடாக்கும் விடயத்தில் அவசரப்படக் கூடாது. சூடாக்கிப் பையில் உள்ள மக்னீசியம்-இரும்புக் கலவை தண்ணீர் பட்டதும் கொதித்து ஐதரசன் வாயுவை வெளிவிடும். குளிருக்குக் கதவு யன்னல் சாத்திய லயத்து அறையிலோ, விறகடுப்பு எரியும் குசினியிலோ இதை ஒருபோதும் செய்யாதீர்கள். வாசலில், காற்றோட்டத்தில், நெருப்பிலிருந்து விலகிச் செய்யுங்கள். கோடு காட்டிய அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, உணவுப் பையை உள்ளே செருகி, அட்டைப் பெட்டியில் போட்டு, ஒரு பக்கம் சற்று உயர்ந்திருக்கச் சாய்த்து 12 நிமிடம் விடுங்கள். கோட்டைத் தாண்டி ஊற்றினால் வெப்பம் மிகுதித் தண்ணீரிலேயே போய்விடும். பீலித் தண்ணீர் விடியற்காலையில் மிகவும் குளிர்ந்திருக்கும். அதை ஊற்றினால் உணவு வெதுவெதுப்போடு நின்றுவிட்டு, ‘மணமே இல்லை’ என்ற தவறான குறிப்புக்கு இடம்கொடுக்கும். அறையில் வைத்திருந்த தண்ணீரையும் பையையும் பயன்படுத்துங்கள்.

பல பொதிகளை ஒப்பிடும்போது சூடாக்கியை நம்புவதைவிட, மூடிய பைகளை ஒரே பானைக் கொதிநீரில் 10 நிமிடம் அமிழ்த்துவதே மேல். உள்ளே இருப்பது ஏற்கெனவே வெந்த உணவு, ஆகவே 94 பாகை தாராளமாகப் போதும். உலர்த்திய உணவு அப்படியல்ல. கொதிநீர் ஊற்றி ஊறவைக்கும் வகைகளில் அரிசியும் இறைச்சியும் நடுவில் கடினமாகவே நின்றுவிடும். உறையில் எழுதிய நேரத்தோடு மூன்று நான்கு நிமிடம் கூட்டி, பையைத் துவாயில் சுற்றிவையுங்கள். வெப்பமானி இருந்தால் எல்லாவற்றையும் 60 பாகையில் பரிமாறுங்கள்.

புள்ளிக்கு ஒன்பது படி அளவுகோலைவிடப் பொருத்தமானது இல்லை. அது அமெரிக்க இராணுவ உணவு ஆய்வுகூடத்தில் படைவீரரின் விருப்பத்தை அளக்கவென்றே உருவானது, இன்று உணவு ஆய்வு உலகமே பயன்படுத்துகிறது. 9 என்றால் மிகமிகப் பிடித்தது, 5 என்றால் பிடிக்கவும் இல்லை வெறுக்கவும் இல்லை, 1 என்றால் மிகமிகப் பிடிக்காதது. தோற்றம், மணம், சுவை, மென்மை ஆகியவற்றுக்குத் தனித்தனியாகப் போடுங்கள். மொத்தப் புள்ளியைச் சராசரியாகக் கணக்கிடாமல் தனியே கேளுங்கள். அழகில்லாத சாப்பாட்டை விரும்பிச் சாப்பிடுவது நடக்கக்கூடியதே.

தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்க்கிறவர்கள் தேயிலைத் தூளின் எடை, நீரின் அளவு, ஊறும் நேரம் எல்லாவற்றையும் ஒரே நிலையில் வைப்பது போல, இங்கும் அளவு மாறக் கூடாது. ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி, வெள்ளைத் தட்டு, காலை பத்து பதினொரு மணி. உறையைக் காணாத ஒருவர் சுவைப்பதற்கு, வேறொருவர் மூவிலக்க எண் இட்டுப் பரிமாறட்டும். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி எதில் உண்டு, கச்சான் எதில் உண்டு என்பதை மட்டும் பரிமாறுகிறவர் முன்பே வாசித்து, உண்ணாதவர்களுக்கு அந்தத் தட்டை வைக்காமல் விட வேண்டும். இதில் மறைப்புக்கு இடமில்லை.

இடையில் வெறும் தண்ணீரும் ஒரு துண்டு கிரீம் கிராக்கரும் போதும். பிளேன்டீ வேண்டாம், அதன் துவர்ப்பு நாக்கில் நின்று அடுத்த தட்டைக் கெடுக்கும். அன்று காலை ரொட்டியோடு கொச்சிக்காய்ச் சம்பல் சாப்பிட்டவரும் அன்று புள்ளியிடாமல் இருப்பது நல்லது. உறைப்புக்குப் பழகிய நம் நாக்கு இந்த உணவு எல்லாவற்றையும் சப்பென்று சொல்லத் தயாராக இருக்கும். அதனால் முதற்புள்ளியை ஒன்றும் சேர்க்காமல் போட்டு, பொதியில் வரும் உறைப்புச் சோஸை ஊற்றிய பிறகு இரண்டாவது புள்ளியைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, அந்த உணவில் குறைவது உறைப்பு மட்டுந்தானா என்று காட்டும்.

ஏறி இளைத்து வந்தவரின் புள்ளி கூடக்கூடும், அதையும் வேறாக வையுங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்குக் கொண்டுபோனால் நுழைவாயிலிலேயே பொலித்தீன் உறைகளைச் சோதிப்பார்கள். அதனால் பைகளை வீட்டிலேயே பிரித்துச் சுவைத்துவிடுங்கள். மீந்த வெற்று உறைகளையும் தராசில் வைத்து, ‘குப்பை’ என்ற கட்டத்தில் கிராமில் எழுதுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு பாரத்தைத் திரும்பச் சுமக்க வேண்டும் என்பதும் அந்தப் பொதியின் தரத்தைச் சேர்ந்ததே.